எலும்பு நொறுங்கு நோயில் கால் வளைவு அறுவைச் சிகிச்சை

எலும்பு நொறுங்கு நோயில் கால் வளைவு அறுவைச் சிகிச்சை என்பது, பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் குழந்தைகளின் வளைந்த தொடையெலும்பையும் கணைக்கால் உள்ளெலும்பையும் நேராக்கி, அவற்றினுள் உலோகத் தண்டு பொருத்தும் மருத்துவ முறையாகும். முறிவுகளைக் குறைத்து, குழந்தை நிற்கவும் இயன்றவரை நடக்கவும் வழிசெய்வதே இதன் நோக்கம். நோயின் மூல காரணமான மரபணுக் குறையை இது நீக்குவதில்லை.

காரணம்

ஆஸ்டியோஜெனசிஸ் இம்பெர்பெக்டா எனப்படும் இந்நோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படுகிறது. எலும்புக்கு உறுதி தரும் முதல் வகைக் கொலாசன் புரதம் குறைவாகவோ பழுதுபட்டோ உருவாவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தசைகளின் இழுப்பாலும் உடல் எடையாலும் மெலிந்த எலும்பு வளைகிறது. வளைந்த இடத்திலேயே மீண்டும் முறிகிறது. முறிவுக்காகக் காலை நெடுநாள் அசையாது வைத்தால் எலும்பு மேலும் வலுவிழக்கிறது. இச்சுழலை நிறுத்தவே அறுவை தேவைப்படுகிறது.

முறைகள்

வளைந்த எலும்பைப் பல துண்டுகளாக வெட்டி, நூலில் மணி கோப்பதுபோல் ஒரு தண்டில் கோத்து நேராக்கும் முறையை 1959 இல் சோஃபீல்டு, மில்லர் ஆகியோர் வெளியிட்டனர். ஆனால் குழந்தை வளர எலும்பு தண்டைவிட நீண்டுவிடும். தண்டில்லாத பகுதி மீண்டும் வளையும் அல்லது முறியும். இதற்குத் தீர்வாக 1963 இல் பெய்லி, டுபோ ஆகியோர் நீளும் தண்டை அறிமுகம் செய்தனர். குழாயொன்றும் அதனுள் நழுவும் கம்பியும் எலும்பின் இரு முனைகளிலும் பற்றிக்கொள்வதால், எலும்பு வளரும்போது தண்டும் நீள்கிறது. கனடாவில் உருவான ஃபாசியே-டுவால் தண்டு முனைகளில் திருகு மரை கொண்டது. தகடும் திருகாணியும் மட்டும் பொருத்தினால் தகட்டின் ஓரத்தில் எலும்பு முறியக்கூடும் என்பதால் அம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

இடர்கள்

தண்டு இடம்பெயர்தல், வளைதல், நீளாமல் நின்றுவிடுதல், வெட்டிய இடம் கூடாமை ஆகியவை நேரலாம். எனவே சிலருக்கு மறு அறுவை தேவைப்படும். எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் பிஸ்பாஸ்போனேட்டு மருந்துகளும் இயன்முறை மருத்துவமும் உடன் அளிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

உத்திரமேரூர் உள்ளிட்ட வட தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு போன்ற மரபுவழிக் கட்டுகளை நாடும் வழக்கம் உண்டு. சிறு அடிக்கே திரும்பத் திரும்ப முறிவு ஏற்படுதல், கண்ணின் வெண்பகுதி நீலம் கலந்து தோன்றுதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அத்தகைய குழந்தைகளுக்குக் கட்டு மட்டும் போதாது; எலும்பு வளைந்தபடியே கூடிவிடக்கூடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான தனி எலும்பு மருத்துவப் பிரிவு உள்ளது. இந்திய அரசின் 2021 ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது.