புதுச்சேரியில் ஜூலை 14

பிரான்சின் தேசிய நாள் ஜூலை 14. 1789இல் பாரிசின் பாஸ்டில் சிறை வீழ்ந்த இந்நாள், 1880இல் சட்டப்படி தேசிய நாளாயிற்று. பிரெஞ்சு ஆட்சியாளர்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் புதுச்சேரி இதைக் கொண்டாடி வருகிறது.

காரணத்தைக் குடியுரிமையில் தேட வேண்டும். 1881 செப்டம்பர் ஆணை, உள்ளூர்வாசிகள் சாதி, சமய வழக்கங்களை விட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர இடமளித்தது. முதலில் முன்வந்தவர்களில் ஒருவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காக 1873இல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை முறையிட்டு வென்றவர். இப்படிச் சட்டத்தை மாற்றி, புதிய குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்ந்தனர்.

பிரான்சிடமிருந்து புதுச்சேரி பிரிந்ததும் பெரும்பாலும் காகிதத்திலேயே முடிந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் கிடப்பில் கிடந்து, அல்ஜீரியப் போர் ஓய்ந்த பிறகு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியோருக்கு ஆறு மாத அவகாசம். போர்த்துகீசியர் வசமிருந்த கோவாவுக்கு 1961இல் இந்திய ராணுவம் போக வேண்டியிருந்ததை நினைத்தால், காகிதத்திலேயே முடிந்த இந்தப் பிரிவின் அருமை புரியும்.

ஜூலை 14 விழாவின் நாயகர்கள் பிரெஞ்சுப் படையின் முன்னாள் வீரர்கள், ஊர்வழக்கில் 'சொல்தா'க்கள். 13ஆம் தேதி மாலை விளக்கு ஊர்வலம். மறுநாள் காலை, 1938இல் திறக்கப்பட்ட கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில், மார்பு நிறையப் பதக்கங்களோடு அவர்கள் நிற்க, பிரெஞ்சுத் துணைத் தூதரும் புதுச்சேரி அரசின் சார்பில் வருபவரும் மலர்வளையம் வைப்பார்கள். இரு நாட்டுப் பண்களும் இசைக்கப்படும்.

அரசுகளும் இந்நாளைப் பயன்படுத்திக்கொள்கின்றன. 2009இல் மன்மோகன் சிங்கும் 2023இல் நரேந்திர மோடியும் பாரிஸ் அணிவகுப்பின் சிறப்பு விருந்தினர்கள். 2024 இந்தியக் குடியரசு நாளுக்குப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் தில்லி வந்தார். புதுச்சேரியில் உறவு இன்னும் நெருக்கமானது: பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இங்கேயே வாக்குச்சாவடி உண்டு.

ஆனால் ஜூலை முழுதும் விளக்கு ஊர்வலமல்ல. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் கொன்றன. அந்த நாளிலும் ஆண்டுதோறும் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்துகின்றன. அதற்குத் துணைத் தூதரகத்தின் அழைப்பிதழ் வருவதில்லை.