சிரிச்சா சாமி கோவிச்சுக்குமா?

ஈஸ்டர் வந்தாலே ஒரு கேள்வி வரும்: சாக்லேட் முட்டை, முயல் பொம்மைன்னு கொண்டாடினா உயிர்த்தெழுதலோட அர்த்தம் காணாமப் போயிடாதா?

பக்தியும் சிரிப்பும் ஒரே மனசுல இருக்க முடியுமா? விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுக்குப் போங்க. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் கோயில் அமைச்சதா 7-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்லுது. அவர்தான் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன்.

அதே ராஜா எழுதின சமஸ்கிருத காமெடி நாடகம் 'மத்தவிலாசப் பிரகசனம்'. காஞ்சிபுரத்தில் போதையில இருக்கிற ஒரு காபாலிகர் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைச்சிட்டு, புத்த பிக்கு மேல பழி போடுறார். கடைசியில் பார்த்தா, தூக்கிட்டுப் போனது ஒரு நாய்! கேலி சாமியை இல்ல. சாமி பேரில் போடுற வேஷத்தை. பிற்காலத்தில் கேரளக் கோயில்களில் இந்த நாடகமே நேர்த்திக்கடனா நடந்தது.

ஐரோப்பாவிலும் இப்படித்தான். ஒருகாலத்தில் ஜெர்மனியின் பவேரியாவில் ஈஸ்டர் பிரசங்கத்திலேயே பாதிரியார்கள் ஜோக் சொல்வாங்க. சாவு தோத்துப்போச்சுன்னு சபையே சிரிக்கும்.

ஆக, சிரிப்பு பக்திக்கு எதிரி இல்ல. ஆனா எதுக்காகச் சிரிக்கிறோம்னு மறந்துட்டா, கையில மிஞ்சுறது சாக்லேட் மட்டும்தான்.