பேரிலேயே இருக்கு வலி

2006-ல சிக்குன்குனியா பரவினப்போ, இது கோழிக்கறியால வருதுன்னு பலர் நம்பினாங்க. "சிக்கன்"னு காதுல விழுந்ததுதான் காரணம். அந்த ஒரு வருஷத்துல மட்டும் இந்தியாவுல சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்தக் காய்ச்சல் வந்திருக்கலாம்னு அரசுக் கணக்கு சொல்லுது.

கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பரப்புறது ஏடிஸ் கொசு. பேர் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. 1952-ல், இன்றைய தான்சானியாவின் தெற்கே மக்கொண்டே பீடபூமியில் ஒரு காய்ச்சல் பரவியது. மூட்டு வலியில் நிமிர முடியாமல் போனவர்களைப் பார்த்து, 'வளைத்துப் போடுவது' என்ற பொருளில் அந்த மக்கள் தங்கள் மொழியிலேயே வைத்த பேர் இது. கவனிங்க, அவங்க காய்ச்சலை வச்சுப் பேர் வைக்கல, வலியை வச்சு வச்சாங்க.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது இன்னொரு கதை. 1779-ல் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டேவிட் பைலோன் என்ற மருத்துவர் ஒரு மூட்டுக் காய்ச்சலைப் பற்றி எழுதினார். ரொம்ப காலம் அதை டெங்குன்னே சொல்லிட்டிருந்தாங்க. 1964-ல் வேலூரில் பரவிய சிக்குன்குனியாவை ஆராய்ந்த டொனால்ட் கேரி, 1971-ல் பழைய பதிவுகளைத் திரும்பப் படித்து, அது சிக்குன்குனியாவாகத்தான் இருந்திருக்கணும்னு வாதிட்டார். அவருக்குக் கிடைத்த முக்கியமான துப்பு, அந்த மூட்டு வலி.

காய்ச்சல் சில நாள்ல போயிடும். வலி சிலருக்கு மாசக்கணக்கா, வருஷக்கணக்கா இருக்கும். அரசுக் கணக்குல ஏறுறது காய்ச்சல்தான். காலையில டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காத அம்மாகிட்ட, "அதான் காய்ச்சல் போயிடுச்சே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்த நோயோட பேரை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.