உறைந்த கட்டித் திசுக்களில் ஆர்.என்.ஏ தர மதிப்பீடு – வரலாறு

உறைய வைத்துச் சேமிக்கப்பட்ட புற்றுநோய்க் கட்டித் திசுவில் உள்ள ஆர்.என்.ஏ சிதையாமல் இருக்கிறதா என்று சோதித்து அறிவதே ஆர்.என்.ஏ தர மதிப்பீடு ஆகும். ஒரு கட்டியில் எந்த மரபணுக்கள் எந்த அளவுக்குச் செயற்பட்டன என்பதை ஆர்.என்.ஏ காட்டுகிறது. அது சிதைந்திருந்தால் ஆய்வின் முடிவு தவறாகும். அந்தத் தவறு நோயின் இயல்பைப் போலவே தோற்றமளிக்கக் கூடும் என்பதால், ஆய்வுக்கு முன்பே தரத்தை அறிவது இன்றியமையாதது.

சிதைவுக்கான காரணங்கள்

டி.என்.ஏ-வுடன் ஒப்பிட்டால் ஆர்.என்.ஏ உறுதி குறைந்தது. அதன் சர்க்கரைப் பகுதியில் கூடுதலாக உள்ள ஓர் ஐதராக்சில் தொகுதி, இழை எளிதில் அறுபட வழி செய்கிறது. அதைவிடப் பெரிய பகை ரைபோநியூக்ளியேசு என்னும் நொதி வகை. இது உயிரணுக்களில் மட்டுமன்றி மனிதத் தோலிலும் வியர்வையிலும் உண்டு. மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் ரைபோநியூக்ளியேசு ஏ கொதிக்க வைத்து ஆறவிட்ட பின்னும் மீண்டும் செயற்படும்.

உறைய வைப்பதால் இந்த நொதி அடங்குமே தவிர அழியாது. திசு உருகும்போது, பனிப்படிகங்களால் கிழிந்த உயிரணுக்களிலிருந்து நொதி வெளிப்பட்டு ஆர்.என்.ஏ-வைத் துண்டாடுகிறது. ஆகவேதான் திசுக்கள் திரவ நைட்ரசனில் விரைந்து உறைய வைக்கப்பட்டு, −80 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ இடைவிடாமல் வைக்கப்படுகின்றன.

பிரித்தெடுக்கும் முறைகள்

1979இல் ஜான் சர்குவினும் உடன் பணியாற்றியோரும், நொதி மிகுந்த எலியின் கணையத்திலிருந்தே சிதையாத ஆர்.என்.ஏ-வைப் பிரித்துக் காட்டினர். குவானிடினியம் தயோசயனேட்டு என்னும் வேதிப்பொருள் திசுவைக் கரைக்கும்போதே நொதியையும் செயலிழக்கச் செய்தது. 1987இல் பியோட்டர் சோம்சின்ஸ்கி, நிக்கோலெட்டா சச்சி ஆகிய இருவரும் இதனுடன் பீனாலையும் குளோரோஃபார்மையும் சேர்த்து எளிய ஒற்றைப்படி முறையை வெளியிட்டனர். சில மணி நேரத்தில் பல மாதிரிகளைக் கையாள இது வழி செய்தது.

கண்ணளவும் எண்ணளவும்

பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ-வின் தரத்தை அறியத் தொடக்கத்தில் இரு சோதனைகள் இருந்தன. முதலாவது, 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை அளந்து ஒப்பிடுவது. விகிதம் 2க்கு அருகில் இருந்தால் புரதக் கலப்பு இல்லை எனலாம். ஆனால் இது தூய்மையைக் காட்டுமே தவிர, இழை முழுமையாக உள்ளதா என்பதைக் காட்டாது. தூள்தூளாகச் சிதைந்த ஆர்.என்.ஏ-வும் இச்சோதனையில் தேறிவிடும்.

இரண்டாவது, அகரோசு கூழ் வழியே மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது. உயிரணுவின் ஆர்.என்.ஏ-வில் பெரும்பகுதி ரைபோசோமைச் சேர்ந்தது. அதன் 28எஸ் பட்டை 18எஸ் பட்டையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அடர்ந்திருந்தால் நல்ல மாதிரி என்று கருதப்பட்டது. ஆனால் பட்டையின் அடர்த்தியை ஒவ்வொருவரும் தம் கண்ணளவில் ஒவ்வொரு விதமாக மதிப்பிட்டனர்.

1999இல் அஜிலன்ட் நிறுவனம் வெளியிட்ட 2100 பயோஅனலைசர் கருவி, கூழ்ச் சோதனையைச் சிறு சில்லுக்குள் அடக்கி, முடிவை வரைகோடாகத் தந்தது. 2006இல் அந்த வரைகோடு முழுவதையும் கணினியே படித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இடும் முறை வெளியானது. இதுவே ஆர்.ஐ.என் எனப்படும் ஆர்.என்.ஏ முழுமை எண். 10 என்றால் முழுமை. 1 என்றால் முற்றிலும் சிதைவு. இதனால் வெவ்வேறு ஆய்வகங்கள் தம் மாதிரிகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்தது.

587 மாதிரிகளும் 206 மாதிரிகளும்

தர மதிப்பீட்டின் தேவையைத் தெளிவாக உணர்த்தியது அமெரிக்காவின் தி கேன்சர் ஜீனோம் அட்லஸ் திட்டம். 2005 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோய்க்காக முன்பே சேமிக்கப்பட்டிருந்த மாதிரிகளை நாடியது. 2008இல் நேச்சர் இதழில் வந்த முடிவுகளின்படி, ஆராயப்பட்டவை 587 மாதிரிகள். போதிய கட்டிப் பகுதி இல்லாமல் 234 தள்ளப்பட்டன. எஞ்சிய 353இல், டி.என்.ஏ அல்லது ஆர்.என்.ஏ-வின் தரமோ அளவோ போதாமல் 147 தள்ளப்பட்டன. தேறியவை 206, அதாவது 35 விழுக்காடு மட்டுமே.

ஒவ்வொரு மாதிரியும் ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது. மறுமுறை பெற முடியாதது. பெட்டியில் பத்திரமாக இருந்தும் பெரும்பாலானவை பயன்படவில்லை. சேமிக்கும் நாளிலேயே தரத்தையும் கையாண்ட விதத்தையும் பதிவு செய்யும் வழக்கம் வலுப்பெற இத்தகைய பட்டறிவு காரணமாயிற்று. இத்திட்டத்தில் ஆர்.ஐ.என் 7 என்பது தகுதி வரம்பாக வைக்கப்பட்டது.

எண் காட்டாதவை

ஆர்.ஐ.என்னுக்கும் எல்லை உண்டு. அது ரைபோசோம் ஆர்.என்.ஏ-வைக் கொண்டே மதிப்பிடுகிறது. ஆய்வுக்குத் தேவையான தூது ஆர்.என்.ஏ மொத்தத்தில் சில விழுக்காடே. மேலும், அறுவைக்கும் உறைய வைப்பதற்கும் இடையில் கழியும் நேரத்தை அது காட்டாது. குடல் திசுக்கள் பற்றி 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அகற்றிய 30 நிமிடத்திலேயே கண்டறியக்கூடிய மரபணுக்களிலும் புரதங்களிலும் ஏறத்தாழ 20 விழுக்காடு மாறியிருந்தது. இரத்த ஓட்டம் நின்ற உயிரணுக்கள் அந்த இடைவெளியில் தம் செயற்பாட்டை மாற்றிக்கொள்கின்றன. இழை சிதையாததால் எண் உயர்ந்தே இருக்கும்.

ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதிந்த திசுக்களில் ஆர்.என்.ஏ பெரும்பாலும் துண்டுபட்டிருக்கும் என்பதால், அங்கு ஆர்.ஐ.என் அதிகம் உதவுவதில்லை. 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை விழுக்காடு என்று காட்டும் டி.வி.200 என்னும் அளவு அதற்குப் பயன்படுகிறது.

இக்காரணங்களால், தரம் பேணும் திசு வங்கிகள் ஒரே எண்ணை நம்புவதில்லை. திசு அகற்றிய நேரம், உறைந்த நேரம், எத்தனை முறை உருகியது, நுண்ணோக்கியில் கண்ட கட்டிப் பகுதியின் அளவு ஆகியவற்றையும் ஆர்.ஐ.என்னுடன் சேர்த்தே பதிவு செய்கின்றன.