ஹுதைபிய்யாவில் தள்ளிப்போன உம்ரா

முஹர்ரம் பிறை தென்பட்டதும் நம் இல்லங்களில் புதிய ஆண்டுக்கான எண்ணங்கள் பேசப்படுகின்றன. குர்ஆனை ஒருமுறையேனும் பொருளுணர்ந்து ஓதி முடிக்க வேண்டும். நகைக்கடனை அடைக்க வேண்டும். மகனை ஹிஃப்ழில் சேர்க்க வேண்டும். பெற்றோரை உம்ராவுக்கு அனுப்பி வைக்க வேண்டும். ஸஃபர் மாதத்தில் ஒரு காய்ச்சலோ எதிர்பாராத செலவோ வந்துவிட்டால் போதும். தள்ளிப்போனதைக் கைவிட்டுப் போனதாகவே கருதி, அடுத்த முஹர்ரம் வரை அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. குறித்த நாளில் நடவாத காரியம் தோற்றுப்போன காரியம்தானா?

நாம் பின்பற்றும் ஆண்டுக் கணக்கே இது குறித்துச் சிந்திக்க இடம் தருகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு வாக்கில், அரசு மடல்களில் ஆண்டு குறிக்க வேண்டிய தேவை எழுந்தபோது, ஹிஜ்ரத்தே கணக்கின் தொடக்கமாக ஏற்கப்பட்டது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் மதீனாவை அடைந்ததோ ரபீஉல் அவ்வல் மாதத்தில். அவ்வாறிருக்க, முஹர்ரம் ஏன் முதல் மாதமாயிற்று? இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் நயமானதொரு காரணம் கூறுகிறார்கள். துல்ஹஜ்ஜில் அகபா உடன்படிக்கை நிகழ்ந்தது. அதன்பின் ஹிஜ்ரத் செய்யும் உறுதி பிறந்தது. அப்போது தோன்றிய முதற்பிறை முஹர்ரம் பிறை. போய்ச் சேர்ந்த நாளை விட்டு, உறுதி பிறந்த மாதத்திலிருந்தே நம் ஆண்டு எண்ணப்படுகிறது.

இனி ஹிஜ்ரி 6ஆம் ஆண்டுக்கு வருவோம். கஅபாவினுள் நுழைவதாகக் கனவு கண்ட நபி (ஸல்) அவர்கள், துல்கஃதா மாதத்தில் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிந்து, குர்பானிக்கென 70 ஒட்டகங்களை ஓட்டிச் சென்றார்கள். மக்காவை நெருங்கிய வேளையில் குறைஷியர் வழிமறித்தனர். ஹுதைபிய்யாவில் நபியவர்களின் ஒட்டகம் கஸ்வா மண்டியிட்டு அமர்ந்துவிட்டது. தூதர்கள் வந்தனர், சென்றனர். இறுதியில் ஸுஹைல் இப்னு அம்ருடன் உடன்படிக்கை எழுதப்பட்டது.

அதன் நிபந்தனைகள் ஸஹாபாக்களுக்குக் கசந்தன. பத்தாண்டுகள் போர் இல்லை. இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாட்கள் மட்டும் தங்கலாம், அதுவும் வாளை உறையிலிட்டபடி. மக்காவிலிருந்து தம் பொறுப்பாளரின் அனுமதியின்றி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மை உலருமுன்பே ஸுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரலி) விலங்கு பூட்டிய கால்களோடு வந்து விழுந்தார். அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். கண்ணெதிரே இதைக் கண்டவர்களின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! கஅபாவுக்குச் செல்வோம் என்று தாங்கள் கூறவில்லையா என உமர் (ரலி) கேட்டபோது, இந்த ஆண்டே என்று கூறினேனா என நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இலக்கில் மாற்றமில்லை, அதற்குரிய ஆண்டைப் பிறர் தாமாகவே குறித்துக்கொண்டிருந்தனர்.

பின்னர் நடந்ததுதான் குடும்பத்தினர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. பலியிட்டு முடி களையுமாறு நபியவர்கள் மும்முறை கூறியும், துயரத்தில் உறைந்திருந்த தோழர்களுள் ஒருவரும் எழவில்லை. கூடாரத்தினுள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைத் தெரிவித்தார்கள். எவரிடமும் ஏதும் பேசாமல் தங்கள் ஒட்டகத்தைப் பலியிட்டு, தங்கள் தலைமுடியைக் களையுங்கள் என்பதே அன்னையாரின் ஆலோசனை. அவ்வாறே செய்ததும் அனைவரும் எழுந்து செய்தனர். நம் வீடுகளில் திட்டம் தீட்டுவது தந்தையர். அது குலைந்தால் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதும் அவர்களே. இல்லத்தரசியிடம் கேட்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான், கேட்டால்! அன்னையாரோ பெருந்திட்டம் எதையும் சொல்லவில்லை. அன்று செய்ய இயன்ற ஒரு செயலைச் சுட்டினார்கள். வீட்டுத் தலைவர் அதைத் தாமே முதலில் செய்தால் போதும் என்றார்கள்.

திரும்பும் வழியில் ஸூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது. முஸ்லிம்கள் பின்னடைவெனக் கருதிய பயணத்தை அது தெளிவான வெற்றியென அறிவித்தது. இடைப்பட்ட ஓராண்டும் வீணாகவில்லை. குறைஷியரின் அச்சுறுத்தல் நீங்கியதால் மன்னர்களுக்கு அழைப்பு மடல்கள் சென்றன. ஹிஜ்ரி 7, முஹர்ரமில் கைபர் படையெடுப்பு நிகழ்ந்தது. போரச்சமின்றி மக்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழகினர். காலித் இப்னு வலீத், அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) ஆகியோர் இஸ்லாத்தைத் தழுவியதும் இந்தச் சமாதான நாட்களில்தான். ஹுதைபிய்யாவுக்கு 1,400 பேருடன் வந்த நபியவர்கள், இரண்டாண்டுகளுக்குள் 10,000 பேருடன் மக்காவினுள் நுழைந்தார்கள்.

வளைந்து கொடுப்பதென்றால் தளர்த்திக்கொண்டே போவது என்று பொருள் கொள்வோரும் உளர். ஓத வேண்டிய ஒரு ஜுஸ்உ அரை ஜுஸ்உவாகி, பின் ஒரு பக்கமாகி, பின் இல்லாமலே போவதை மதரஸாவில் ஆண்டுதோறும் காண்கிறோம். ஹுதைபிய்யாவில் நாள் மாறியது. ஆனால் புதிய நாள் எது என்பது அங்கேயே எழுதப்பட்டது, மறு ஆண்டு அது தவறவுமில்லை. ஹிஜ்ரி 7, துல்கஃதாவில் ஏறத்தாழ 2,000 பேர் உம்ரா நிறைவேற்றினர். மூன்று நாட்கள் கழிந்ததும் வெளியேறுமாறு குறைஷியர் ஆளனுப்பினர். அன்னை மைமூனா (ரலி) அவர்களுடனான திருமண விருந்தை மக்காவிலேயே அளிக்க நபியவர்கள் விரும்பியும் அவர்கள் இசையவில்லை. நபியவர்கள் வாக்குவாதம் செய்யாமல் புறப்பட்டார்கள். மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்னும் இடத்தில் அன்னையார் வந்து சேர்ந்துகொண்டார்கள்.