வட்டுக்கோட்டைச் செமினறி

வட்டுக்கோட்டைச் செமினறி என்பது, இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள வட்டுக்கோட்டையில் 1823 ஆம் ஆண்டு முதல் 1855 ஆம் ஆண்டு வரை இயங்கிய கிறித்தவக் கல்வி நிறுவனம் ஆகும். அமெரிக்க இலங்கை மிசனால் நிறுவப்பட்ட இதன் முதல் அதிபர் டானியல் பூர் ஆவார். பெயரைக் கொண்டு இதனைக் குருமாரை மட்டும் பயிற்றுவித்த குருமடம் எனக் கருதுதல் பொருந்தாது. இன்றைய இடைநிலைப் பள்ளியின் மேல்வகுப்புக்களையும் கல்லூரியையும் ஒருங்கே ஒத்த உறைவிடப் பள்ளியாகவே இது விளங்கியது.

தோற்றம்

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் முதலில் ஊர்ப் பள்ளிகளையும் சில விடுதிப் பள்ளிகளையும் நடத்தினர். அவற்றில் தேறிய சிறுவர்களுக்கு மேற்படிப்பு அளிக்க ஒரு கல்லூரியைத் தொடங்குவதற்கான திட்டத்தை 1823 இல் வெளியிட்டனர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்சின் அரசு அமெரிக்கரின் முயற்சிகளுக்கு ஆதரவாக இருக்கவில்லை. கல்லூரி என்னும் தகுதி கிடைக்கவில்லை. எனவே மத்திய பாடசாலை என்ற பெயரில் தொடங்கி, பின்னர் செமினறி என அழைக்கப்பட்டது.

பாடத்திட்டம்

ஆங்கிலத்தை நன்கு கற்பித்தல், தமிழ் இலக்கியத்தை வளர்த்தல், மேனாட்டு அறிவியலை அறிமுகப்படுத்தல் ஆகியன திட்டத்தின் முதன்மையான நோக்கங்கள். சமக்கிருதம் தெரிந்தெடுத்த சிலருக்கும், எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை மிகச் சிலருக்கும் எனக் கருதப்பட்டன. கணிதம், வானியல், இயற்கை மெய்யியல், தருக்கம் என்பவற்றோடு விவிலியமும் கற்பிக்கப்பட்டது.

இவற்றுள் வானியலுக்குத் தனி இடம் உண்டு. பஞ்சாங்கக் கணிப்பு யாழ்ப்பாணத்தில் மரபுவழி அறிஞரின் மதிப்புக்கு அடிப்படையாக இருந்தமையால், அக்களத்திலேயே தமது கல்வியின் வலிமையைக் காட்ட மிசனரிமார் விரும்பினர். 1829 மார்ச் 20 ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் குறித்து அராலியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாத்திரியாரின் கணிப்பும் பூரின் கணிப்பும் வேறுபட்டன. பூரின் கணிப்பே பொருந்தியது. எனினும் கிரகணத்தை முன்னறியும் திறன் உள்ளூர் மரபிலும் இருந்தது என்பதையும், வேறுபாடு நேரத்திலும் அளவிலுமே என்பதையும் மறத்தல் ஆகாது. பூருக்குப் பின் அதிபரான என்றி ஒயிசிங்டன் இந்து வானியலைத் தாமே கற்று, 1848 இல் அது பற்றிய நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். சிவஞான போதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

மாணவர் வாழ்க்கை

கற்பித்தலைப் போலவே மாணவரின் ஒழுக்கத்தையும் நம்பிக்கையையும் உருவாக்குவதிலும் செமினறி கருத்தாக இருந்தது. தொடக்க காலத்தில் உணவும் உறைவிடமும் இலவசம். ஒரு மாணவனுக்கான செலவை ஏற்கும் அமெரிக்க நன்கொடையாளர் அவனுக்குப் பெயரிடும் வழக்கம் இருந்தது. ஆர்னோல்ட், நெவின்ஸ், கறல், கிங்ஸ்பெரி முதலிய பெயர்கள் யாழ்ப்பாணத்தில் பரவியமை இதனாலேயே. சாதி வழக்கம் காரணமாக மிசன் வளவில் உண்பதற்கு முதலில் தயக்கம் இருந்தது. மாணவர் பலர் கிறித்தவத்தைத் தழுவினர். ஆயினும் அவர்களுள் எத்துணைப் பேர் உறுதியாக நின்றனர் என்ற ஐயம் மிசனரிமாரிடையே இறுதி வரை நீங்கவில்லை.

மூடப்படல்

1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த உரூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு மிசனின் பணிகளை ஆராய்ந்தது. ஆங்கிலக் கல்வி மாணவரை அரச வேலைகளுக்கே இட்டுச் செல்கிறது, ஊர்ச் சபைகளுக்கு வேண்டிய போதகரை உருவாக்கத் தாய்மொழிக் கல்வியே ஏற்றது என்பது அண்டர்சனின் கருத்து. அவ்வாண்டிலேயே செமினறி மூடப்பட்டது. பெற்றோர் விரும்பியதும் மிசன் தலைமை விரும்பாததும் ஒன்றாகவே இருந்தமை இங்கு நோக்கத்தக்கது.

பழைய மாணவர்

1841 இல் தொடங்கிய உதயதாரகை இதழின் முதல் ஆசிரியர்களான என்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் இங்குப் பயின்றவர்கள். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை இன்னொருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் செமினறி மாணவரே. வீசகணிதம் என்னும் நூலை 1855 இல் வெளியிட்ட விசுவநாதபிள்ளை, ஆறுமுக நாவலரை எதிர்த்து எழுதியவர். பிற்காலத்தில் சைவத்துக்கே திரும்பினார். தாமோதரம்பிள்ளையும் சைவராக வாழ்ந்து, கலித்தொகை, வீரசோழியம் முதலிய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்.

செமினறி மூடப்பட்ட பின்னரும் ஆங்கில உயர் கல்விக்கான கோரிக்கை ஓயவில்லை. பழைய மாணவரின் முயற்சியால் 1872 இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஈ. பி. ஏஸ்டிங்ஸ் அதன் முதல் அதிபரானார்.