இடிச்ச தியேட்டரும் பிஎச்பி கையேடும்

தியேட்டரை இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டி வருஷக்கணக்கா ஆனாலும் பஸ் ஸ்டாப்புக்குப் பேரு இன்னமும் அந்தத் தியேட்டர் பேருதான். நம்ம ஊர்ல இது சகஜம். பொட்டி தட்டுற உலகத்துலயும் இப்படி ஒரு ஸ்டாப் உண்டு மக்களே. பிஎச்பி மொழியில 'மைஎஸ்கியூஎல்_'னு தொடங்குற பழைய ஃபங்ஷன்களைத்தான் சொல்றேன்.

ஒரு லைப்ரரியை மொழியிலிருந்து தூக்கிட்டா, கையேட்டுல அதுக்கான பக்கங்களை என்ன பண்றது? கேட்க மொக்கையா இருக்கும். ஆனா இதுக்குள்ள ஒரு நல்ல வரலாறு ஒளிஞ்சிருக்கு.

பிஎச்பியை ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்டது 1995ல். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் வெளிவந்ததும் அதே வருஷம்தான். பிஎச்பி 2.0லயே ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டாச்சு. கனெக்ட், செலக்ட் டிபி, குவெரினு மூணு வரி எழுதினா டேட்டாபேஸ் பேசும். இந்த எளிமைதான் ஒரு தலைமுறையையே இணையத்துக்கு இழுத்து வந்தது. சொந்தமா டொமைன் வாங்கி வேர்ட்பிரஸ் நிறுவின நம்ம பதிவர்கள் பலரோட பதிவுகளும் அந்தக் காலத்துல இந்த ஃபங்ஷன்கள் வழியாத்தான் போய்ச் சேர்ந்தது.

சிக்கலும் அந்த எளிமையிலதான். ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட் வசதி இதுல கிடையாது. படிவத்துல ஒருத்தர் தட்டினதை அப்படியே எஸ்கியூஎல் வரிக்குள்ள ஒட்டினா, ஒரு ஒற்றை மேற்கோள் குறியை வெச்சே டேபிளைக் காலி பண்ணிட முடியும். 2004 ஜூலையில் பிஎச்பி 5 வந்தப்போ கூடவே மைஎஸ்கியூஎல்ஐ வந்தது. 2005 நவம்பரில் 5.1ஓட பிடிஓ வந்தது. ரெண்டுலயும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் யாரும் பழசை விடலை. ஏன்னா தேடினா கிடைக்கிற பாடமெல்லாம் பழசு. கையேட்டுப் பக்கமும் "இதைத் தொடாதே"ன்னு சொல்லலை.

இங்கதான் எனக்குப் பிடிச்ச திருப்பம். மொழிக்கு முன்னாடி கையேடு நகர ஆரம்பிச்சது. 2011 ஜூலையில், இந்த எக்ஸ்டென்ஷனை விட்டு மக்களை மெல்ல வெளியே கூட்டிட்டு வரணும்கிற பேச்சைக் கிளப்பினதே ஆவணக் குழுதான். உடனே மொழியில எச்சரிக்கை போட்டா ஊர்ப்பட்ட தளங்கள்ல பிழைச் செய்தி கொட்டும். அதனால முதல்ல சொல்லிப் பார்ப்போம், அப்புறம் மிரட்டுவோம், கடைசியில தூக்குவோம்னு படிப்படியா நடந்தது. மிரட்டினது 2013 ஜூனில், 5.5ல். தூக்கினது 2015 டிசம்பர் 3, பிஎச்பி 7.0ல்.

கையேட்டு வேலை எப்படி நடந்ததுன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். மொத்தம் 48 ஃபங்ஷன். சிவப்புப் பெட்டிக்குள்ள வர்ற எச்சரிக்கை வாசகத்தை ஒரே இடத்துல எழுதி வெச்சா, எல்லாப் பக்கமும் அதை இழுத்துக்கும். ஜப்பானிய மொழி, பிரெஞ்சு, ஜெர்மன்னு ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் குழுவும் தன் பங்குக்கு மாத்தணும். இது சுலபமான பகுதி.

கஷ்டமான பகுதி, "இதுக்குப் பதிலா எது?"ன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் எழுதறது. ஏன்னா நேருக்கு நேர் ஜோடி எல்லாத்துக்கும் இல்லை. பழைய குவெரி ஃபங்ஷன்ல முதல்ல எஸ்கியூஎல் வரி, அப்புறம்தான் இணைப்பு. புதுசுல இணைப்பு முதல்ல. பழசுல இணைப்பைச் சொல்லாம விட்டா கடைசியாத் திறந்ததை அதுவே எடுத்துக்கும். புதுசுல கட்டாயம் கொடுக்கணும். டேட்டாபேஸ்களைப் பட்டியல் போடுற ஃபங்ஷனுக்கு மாற்று ஃபங்ஷனே கிடையாது, 'ஷோ டேட்டாபேசஸ்'னு எஸ்கியூஎல்லயே கேட்டுக்கோன்னு விட்டுட்டாங்க. 'ஃபைண்ட் அண்டு ரீப்ளேஸ்' போட்டு முடிச்சிடலாம்னு கிளம்பினவங்க எல்லாம் முழிச்சது இதனாலதான்.

கவனிச்சீங்களா, பழைய பக்கங்களை அவங்க அழிக்கலை. 7.0 வந்து பல வருஷம் கழிச்சும் சிவப்புப் பெட்டியோட அப்படியே நின்னுது. செத்ததுக்கு எதுக்குக் கையேடுன்னு முதல்ல எனக்கும் தோணிச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய சந்தாதாரர் பதிவேட்டு மென்பொருள் என் தலையில வந்து விழுந்தது. எழுதினவர் எங்கேயோ போயிட்டார். முழுக்க முழுக்க அந்த 48 ஃபங்ஷன்தான். புது எக்ஸ்டென்ஷனுக்கு மாத்தி, இணைப்பை யூடிஎஃப்-8ன்னு அமைச்சதும், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாத் தெரிஞ்சது. தரவு கெட்டுப் போகலை. பழைய இணைப்பு எழுத்துருக் குறியாக்கம் எதையும் சொல்லாததால, சர்வர் அதை லத்தீன்னு நினைச்சு வாங்கி வெச்சிருக்கு. போட்டதும் எடுத்ததும் அதே தப்பான வழியிலங்கிறதால இத்தனை வருஷம் சரியாத் தெரிஞ்சிருக்கு. இணைப்போட குறியாக்கத்தை அமைக்கிற ஃபங்ஷன் 5.2.3லதான் வந்ததுன்னு அந்தப் "செத்த" பக்கம்தான் சொல்லிச்சு. மென்பொருள் அதுக்கு முந்தினது. நூல் பிடிச்சு காரணத்தைக் கண்டுபிடிச்சு, பெயர்களை ஒவ்வொரு டேபிளா மீட்டோம். அந்தப் பக்கத்தை யாராவது "தேவையில்லை"ன்னு அழிச்சிருந்தா, தரவு கெட்டுப் போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு நகர்ந்திருப்போம்.

இதுல நான் எடுத்துக்கிட்டது இவ்வளவுதான். நிரலை நீக்கறது ஒரு பதிப்போட முடிஞ்சிடும். அதை வெச்சு எழுதினது சர்வர்லயும், லேப் ரெக்கார்டுலயும், மனுஷங்க கைப்பழக்கத்துலயும் பல காலம் ஓடிக்கிட்டே இருக்கும். புதுசா வர்றவனைத் தடுத்து நிறுத்தவும் வேணும், பழசுக்குள்ள மாட்டினவனுக்கு வழி காட்டவும் வேணும். ஒரே பக்கம் ரெண்டு வேலையும் செய்யணும்னா அதை அழிக்கக் கூடாது, மேல ஒரு பலகை மாட்டணும். பிஎச்பி ஆவணக் குழு சம்பளத்துக்காக இல்லாம, தன்னார்வலர்களை வெச்சே இதைச் செஞ்சுச்சு. புது வசதியைப் பத்தி எழுதினா நாலு பேர் பாராட்டுவாங்க. நீக்கின ஒண்ணைப் பத்தி ஒழுங்கா எழுதி வைக்கிறவங்களை யாரும் கண்டுக்கறதில்லை.

உங்க ஆபீஸ்ல எதையாவது தூக்கும்போது கையேட்டையும் சேர்த்துத் தூக்கினாங்களா, பலகை மாட்டினாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க :-)